பேனையோடு பேப்பர் வாசிப்பது எப்படி: யாழ்ப்பாணப் பத்திரிகை மொழியில் பெண்ணும் அதிகாரமும்

காலையில் பேப்பர் வாங்கும் வீடுகள் குறைந்திருக்கலாம், ஆனால் பேப்பரின் மொழி குறையவில்லை. அச்சில் வந்த தலைப்பு கொஞ்ச நேரத்தில் பேஸ்புக்கிலும் வைபரிலும் ஒரு சொல் மாறாமல் சுற்றுகிறது, அதே சொற்களில்தான் பிறகு சந்தையிலும் கோயில் வீதியிலும் கதைக்கிறோம். ஆகவே அந்த மொழியைக் கவனமாக வாசிக்கப் பழகுவது எல்லோருக்கும் உதவும். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுத்த பிள்ளைகள், புதிதாகச் செய்தி எழுதத் தொடங்கியவர்கள், அப்புறம் ஒரு செய்தியை வாசிக்கும்போது ஏதோ குத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று நிற்பவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோட்பாடு எதுவும் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, இரண்டு நிறப் பேனை, ஒரு கிழமைப் பேப்பர் போதும்.

சமூகத்தில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை ஆசிரியர் தலையங்கத்திலோ மார்ச் 8 மகளிர் தினச் சிறப்பிதழிலோ தேடாதீர்கள். அங்கே எல்லோரும் நல்ல பிள்ளையாகத்தான் எழுதுவார்கள். நாலாம் பக்கத்தின் மூலையில் வரும் ஐந்து வரிச் செய்தியில் வினைச்சொல் எப்படி முடிகிறது, யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் செய்த வேலை வசனத்திலிருந்து காணாமல் போகிறது, அதைப் பாருங்கள். யோசிக்காமல் எழுதிய இடத்தில்தான் ஊரின் எண்ணம் அப்படியே வந்து விழும்.

எதை எடுத்து வைத்துக்கொள்வது

ஒரு நாள் பேப்பர் போதாது, ஏனென்றால் அன்றைக்குத் தேர்தலோ வெள்ளமோ என்றால் கணக்கு முழுக்கக் கோணலாகிவிடும். ஞாயிறு இதழும் சேர்த்து ஒரு கிழமை எடுங்கள். உதயன், வலம்புரி போன்ற இங்கே வெளியாகும் ஒன்றும், வீரகேசரி, தினகரன் போன்ற கொழும்பிலிருந்து வரும் ஒன்றும் என்று இரண்டு இருந்தால் நல்லது. ஒரே சம்பவத்தை இரண்டும் எப்படி எழுதுகின்றன என்று ஒப்பிடும்போதுதான் சொல் என்பது தெரிவு என்று விளங்கும். காசு கொடுத்து வாங்க வசதியில்லாவிட்டால் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போங்கள், அல்லது யாழ். பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதிக்கு. அங்கே கோடு போடக் கூடாது, போனில் படம் எடுத்து வாருங்கள். சனசமூக நிலைய வாங்கில் இருந்து பேப்பர் வாசிப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். அதுவும் இந்த ஆய்வில் ஒரு தரவுதான்.

பழையதோடு ஒப்பிட விரும்பினால் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறைய இருக்கின்றன, இலவசம். எங்கள் ஊருக்கு இதில் நீண்ட வரலாறு. 1841 இல் அமெரிக்க மிஷனின் உதயதாரகை, 1889 இல் இந்து சாதனம், 1959 இல் ஈழநாடு. 1920களில் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ் மகள்' என்ற இதழை நடத்தினார், அதாவது பெண்கள் எழுதி வெளியிடும் மரபும் இங்கே புதிதல்ல.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இந்தப் பேப்பர்கள் சும்மா வந்தவை அல்ல. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்த அதே நாள்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். அப்படி உயிரைக் கொடுத்து நடத்திய பேப்பர் என்பதால்தான் அதன் மொழியைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிறோம், திட்டுவதற்காக அல்ல.

முதலில் எண்ணுங்கள்

முன்பக்கத்தையும் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களையும் எடுத்து, செய்தியில் வரும் ஒவ்வொரு ஆளையும் கொப்பியில் ஒரு வரியில் போடுங்கள். ஆணா பெண்ணா, பெயர் இருக்கிறதா, எப்படி அறிமுகப்படுத்தப்படுகிறார் (பதவியாலா, தொழிலாலா, உறவாலா), அவர் சொன்னது மேற்கோளாக வருகிறதா, படம் இருக்கிறதா, இருந்தால் படத்தில் என்ன செய்கிறார். இவ்வளவுதான். முதல் நாள் இது அலுப்பான வேலை. மூன்றாம் நாளில் நீங்களாகவே வரப்போகும் வரியை ஊகிக்கத் தொடங்குவீர்கள், அங்கேதான் சுவாரசியம்.

உலக அளவிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995 இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாளின் செய்திகளை எடுத்துப் பல நாடுகளில் எண்ணிப் பார்க்கிறது. 1995 இல் செய்திகளில் வந்த ஆட்களில் 17 வீதம் பெண்கள், 2020 இல் 25 வீதம். கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளிதான் ஏறியிருக்கிறது. உங்கள் கொப்பிக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் பெண்கள் அதிகமாக வரும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாக இருக்காது. விபத்து, கொலை, போராட்டம் என்றால் பெண்கள் வருவார்கள். வீதி அபிவிருத்தி, மீன்பிடி, வரவு செலவுத் திட்டம் என்றால் மறைந்துவிடுவார்கள். மீன்பிடிச் செய்தியைக் குறிப்பாகப் பாருங்கள். கரையில் மீன் தரம் பிரிப்பதும் கருவாடு போடுவதும் நண்டுக் கம்பனிகளில் கூலிக்கு நிற்பதும் பெண்கள், செய்தியில் பேசுவது சங்கத் தலைவர்.

வினைச்சொல்லின் வாலைப் பிடியுங்கள்

இந்த வேலையைத் தமிழில் செய்வது ஒரு வகையில் வசதி. எங்கள் வினைமுற்று ஆள் ஆணா பெண்ணா என்பதோடு அந்த ஆளுக்கு மரியாதை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். ஆன், ஆள், ஆர், இந்த மூன்றில் ஒன்றை எழுதுபவர் தெரிவு செய்தே ஆக வேண்டும். அமைச்சர் 'தெரிவித்தார்', பணிப்பாளர் 'குறிப்பிட்டார்' என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வரும் இடங்களைப் பாருங்கள்: பதினேழு வயதுப் பையன், மனநலம் குன்றியவர், யாசகம் கேட்பவர், கசிப்பு வழக்கில் பிடிபட்டவர், வாள்வெட்டுச் செய்தியில் வரும் இளைஞர்கள். சிவப்புப் பேனையால் இவர்களுடைய வினைமுற்றுகளை மட்டும் சுற்றுங்கள்.

இன்றைக்குப் பெரும்பாலான செய்தியாளர்கள் 'கைது செய்யப்பட்டார்' என்று எல்லோருக்கும் ஆர் விகுதி போடப் பழகிவிட்டார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் வினையில் போன மரியாதையின்மை பெயர்ச்சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சைக்கிள் களவுக்குச் சந்தேகத்தில் பிடிபட்டவர் தலைப்பிலேயே 'திருடன் மடக்கிப் பிடிப்பு' ஆகிவிடுகிறார், நீதிவான் முன் நிறுத்தப்படுவதற்கு முன்பே. அலுவலகப் பணத்தில் கை வைத்ததாகச் சொல்லப்படும் உத்தியோகத்தருக்கு 'நிதி முறைகேடு தொடர்பில் விசாரணை'. ஒருவருக்குப் பட்டப்பெயர், மற்றவருக்குக் கோப்பு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வெட்டி ஒட்டி வையுங்கள், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்து 'நபர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'நபர் ஒருவர் கைது' என்றால் ஆண். பெண் என்றால் 'பெண் ஒருவர் கைது'. சொல் பொதுச்சொல்தான், பயன்படும்போது ஆணுக்கு மட்டும் சொந்தமாகிவிடுகிறது. சாரதி என்றால் ஆண், மற்றது பெண் சாரதி. உறுப்பினர், பெண் உறுப்பினர். பெண் என்ற அடைமொழி செய்திக்குத் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பிரதேச சபையில் பெண்களின் எண்ணிக்கை பற்றிய செய்தி என்றால் தேவை. மோட்டார் சைக்கிள் மதகில் மோதியது பற்றிய செய்தி என்றால் எதற்கு?

அப்புறம் எங்கள் பத்திரிகைகளுக்கே உரிய ஒரு சோடி: குடும்பஸ்தர், குடும்பப் பெண். வெளியூரிலிருந்து வந்து முதன்முறை யாழ்ப்பாணப் பேப்பர் வாசிப்பவருக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இறந்தவர் தச்சுத் தொழிலாளியா, கடை வைத்திருந்தவரா என்று தெரியாது, கலியாணம் முடித்தவர் என்று மட்டும் தெரியும். இரண்டும் சமம்தானே என்று தோன்றும். கிழமை முழுக்கத் தொடர்ந்து பாருங்கள். குடும்பஸ்தருக்குச் செய்தியின் உள்ளே பெரும்பாலும் ஒரு தொழில் வந்துவிடும், குடும்பப் பெண்ணுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை வரும். திருமணம் முடிக்காத இருபது வயதுப் பெண் யுவதி. திருமணம் முடிக்காத நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லே கிடையாது, வெறும் 'பெண்'. பெண்ணை யாருடைய மனைவி, யாருடைய தாய் என்ற கணக்கில் மட்டும் வைக்கும் ஊரில் அந்தக் கணக்குக்குள் வராதவரை எப்படி அழைப்பது என்று பத்திரிகைக்கும் தெரியவில்லை.

செய்தவர் எங்கே போனார்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள், முழு வேலையிலும் இதுதான் முக்கியம். வன்முறைச் செய்தி ஒவ்வொன்றிலும் யார், யாருக்கு, என்ன செய்தார் என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைத் தலைப்பிலும் முதல் வசனத்திலும் மட்டும் தேடுங்கள். நீலப் பேனையால் செய்தவரை அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட ஆளே இல்லாமல் போகும் செய்திகளைத் தனியாக வெட்டி வையுங்கள்.

ஒரு உதாரணம் தருகிறேன். நானே எழுதியதுதான், ஆனால் இந்த அச்சில் வார்த்த செய்தியை நீங்கள் எத்தனையோ தரம் வாசித்திருப்பீர்கள்.

'குடும்பத் தகராறு: கத்திக்குத்தில் குடும்பப் பெண் பலி. நேற்றிரவு கணவன் மனைவிக்கிடையே ஏற்பட்ட வாய்த்தர்க்கம் முற்றியதில் கத்திக்குத்துக்கு இலக்காகி இரண்டு பிள்ளைகளின் தாய் உயிரிழந்துள்ளார். குறித்த பெண் கைத்தொலைபேசியில் நீண்ட நேரம் உரையாடி வந்தமையே தகராறுக்குக் காரணம் என ஆரம்பக்கட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது.'

வசனம் வசனமாகப் பாருங்கள். 'தகராறு' என்றால் இரண்டு பக்கமும் சமமாகச் சண்டை பிடித்தது என்று பொருள், கத்தி ஒரு கையில்தான் இருந்தது. வாய்த்தர்க்கம் தானாக 'ஏற்பட்டது', தானாக 'முற்றியது'. கத்திக்குத்துக்கு அவர் 'இலக்காகினார்', குத்தியவர் வசனத்திலேயே இல்லை. கடைசி வசனத்தில்தான் ஒருவர் சொந்தமாக ஒரு வேலை செய்கிறார், அது செத்துப்போன பெண் போனில் கதைத்தது. அந்தத் தகவலைப் பொலிஸாருக்குச் சொன்னது யார்? உயிரோடு மிஞ்சிய ஒருவர்தானே, அதாவது குத்தியவர். கொன்றவரின் நியாயம் 'தெரியவந்துள்ளது' என்ற ஆளில்லா வினைக்குள் புகுந்து உண்மையாக வெளியே வருகிறது. மறுத்துச் சொல்ல வேண்டியவள் இல்லை. இதை வாசித்த ஊர் அடுத்த நாள் என்ன கதைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதைத் திருப்பி எழுதுங்கள். 'மனைவியைக் குத்திக் கொன்ற சந்தேகத்தில் கணவர் கைது. வீட்டில் நேற்றிரவு கத்தியால் குத்தப்பட்ட 34 வயதுடைய முன்பள்ளி ஆசிரியை வைத்தியசாலையில் உயிரிழந்தார். அவருடைய கணவரைச் சந்தேகநபராகப் பொலிஸார் கைது செய்து நீதிவான் முன் நிறுத்தினர். கணவர் தாக்குவதாக அவர் முன்னரும் பொலிஸில் முறையிட்டிருந்ததாக உறவினர்கள் தெரிவித்தனர்.' நீளம் கிட்டத்தட்ட அதேதான். சட்டப்படியும் பாதுகாப்பானது, சந்தேகநபரைச் சந்தேகநபர் என்றுதான் எழுதியிருக்கிறோம். போன் விஷயம் போய்விட்டது, ஏனென்றால் அது ஒரு தரப்பின் வாக்குமூலம், நீதிமன்றத்தில் சோதிக்கப்படாதது. முந்திய முறைப்பாடு வந்திருக்கிறது, அதற்கு நிருபர் ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இந்த நாட்டில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலிருந்து இருக்கிறது. சட்டம் வன்முறை என்று பெயர் வைத்த ஒன்றை இருபது வருடத்துக்குப் பிறகும் தகராறு என்று எழுதத் தேவையில்லை.

இதே கண்ணோடு வேறு சொற்களையும் தேடுங்கள். 'கற்பழிப்பு' இன்னும் அங்கங்கே வருகிறது, குற்றம் ஒருவன் செய்தது, அழிந்தது மற்றவளுடையது என்று சொல்லும் சொல் அது. வன்புணர்வு, பாலியல் வல்லுறவு என்ற சொற்கள் இருக்கின்றன, பல பத்திரிகைகள் பயன்படுத்துகின்றன. 'காதல் விவகாரம்' என்ற போர்வையைத் தூக்கிப் பாருங்கள், பல தடவை அடியில் இருப்பது மாட்டேன் என்று சொன்ன ஒரு பெண்ணைத் தாக்கிய கதை. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றிய செய்தியில் காதல் என்ற சொல் வந்தால் சிவப்பில் இரண்டு தரம் சுற்றுங்கள்.

பாலியல் குற்றச் செய்தியில் இன்னொன்றையும் சரிபாருங்கள், இது மொழி நாகரிகத்தோடு நிற்காத விஷயம். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை இனங்காட்டக்கூடிய எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். பெயரைத் தவிர்த்துவிட்டுக் கிராமம், பாடசாலை, வகுப்பு, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் எழுதினால் எங்கள் ஊர்களில் அரை மணி நேரத்தில் ஆள் தெரிந்துவிடும். ஒரு செய்தியை எடுத்து, அதே கிராமத்து ஆளாக உங்களை நினைத்துக்கொண்டு, இது யார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது எழுதப்பட்டிருக்கக் கூடாத செய்தி. குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி அதே செய்தி எவ்வளவு சொல்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். அவர் 'பிரபல பாடசாலை ஆசிரியர்' என்று மட்டும் வந்திருப்பார்.

இன்னொரு சொற்றொடர் எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும்: 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்ப்பு'. தற்கொலை என்ற சொல்லைத் தவிர்க்கிறோம், மென்மையாக எழுதுகிறோம் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறார்கள், எண்ணம் நல்லது. ஆனால் முடிவு, தவறு, இரண்டையும் செத்தவரின் தலையில் கட்டிவிட்டுச் செய்தி முடிந்துவிடுகிறது. போருக்குப் பிறகு வடக்கில் பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பயந்து வாழ்ந்தது எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு சாவில் தவறான முடிவு எடுத்தவர்கள் எத்தனையோ பேர், வட்டி வீதத்தை வைத்தவர் உட்பட. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டமே 1998 இல் நீக்கப்பட்டுவிட்டது. 'உயிரிழந்தார், காரணம் பற்றி விசாரணை நடைபெறுகிறது' என்று எழுதலாம், கீழே உதவிக்கு அழைக்கும் எண்ணைப் போடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எந்த நேரமும் இயங்குகிறது.

விளம்பரப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்தியோடு நின்றுவிடுவார்கள். யாழ்ப்பாணப் பேப்பரில் மரண அறிவித்தலை வாசிக்காமல் விட்டால் பாதியை வாசிக்காமல் விட்டது மாதிரி. காலையில் அந்தப் பக்கத்தை முதலில் திருப்பும் பெரியவர்கள் எத்தனை பேர்.

ஆண் ஒருவரின் அறிவித்தலையும் பெண் ஒருவரின் அறிவித்தலையும் பக்கத்தில் வையுங்கள். பிறப்பிடம், வதிவிடம் இரண்டிலும் வரும். ஆணின் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற அதிபர்', 'முன்னாள் கிராம அலுவலர்', 'பிரபல வர்த்தகர்' என்று அடைப்புக்குள் ஒரு வாழ்க்கை இருக்கும். அவருடைய மனைவியின் அறிவித்தலில் கணவரின் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டி வரும், பிறகு இன்னாரின் பாசமிகு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் ஆருயிர்த் தாய், இன்னாரின் மாமியார், இன்னாரின் சகோதரி. முப்பது வருடம் தையல் இயந்திரம் மிதித்து வீட்டைக் கட்டியவர், தோட்டத்தில் வெங்காயம் நட்டவர், அதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. ஆசிரியையாக இருந்தவர்களுக்கு மட்டும் தொழில் வரும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், மற்றவர்களுக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள்.

நியாயமாகச் சொன்னால் இதை எழுதுவது பத்திரிகை அல்ல, வீட்டுக்காரர். அச்சடித்து வைத்த வடிவத்துக்குள் அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பம் பெயர்களை நிரப்பிக் கொடுக்கிறது. ஆகவே இங்கே மாற்றம் செய்வது உங்கள் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை வீட்டில் அப்படி ஒன்றை எழுத நேர்ந்தால் அம்மம்மா என்ன வேலை செய்தவர் என்பதையும் ஒரு வரி சேருங்கள். யாரும் மறுக்கப்போவதில்லை.

மணமகள் தேவை, மணமகன் தேவை விளம்பரங்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சாதி, சமயம், நட்சத்திரம், செவ்வாய், பாவம் என்ற சாதகக் கணக்கு எல்லாம் இரு பக்கமும் வரும். வித்தியாசம் எங்கே என்று பாருங்கள்: ஆணுக்கு நாடு, தொழில், நிரந்தர வதிவிடம். பெண்ணுக்கு நிறம், உயரம், உடல்வாகு, 'குடும்பப் பாங்கான'. யார் பேசுகிறார் என்றும் பாருங்கள், 'பெற்றோர் எதிர்பார்க்கின்றனர்' என்று பெற்றோர்தான் எழுவாய். கட்டப்போகிறவர் வசனத்தில் செயப்படுபொருள். 'சீதனம் எதிர்பார்க்கப்படவில்லை' என்ற வரி வந்தால் குறித்து வையுங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்கு எதிர்பார்ப்பது வழமையாக இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின் கீழ் திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டத்தையும் இந்த விளம்பரங்களையும் சேர்த்து வாசித்தால் இந்த மொழி எந்த நிலத்தில் முளைக்கிறது என்று விளங்கும்.

பெண் என்பதோடு நின்றுவிடாமல்

அதிகாரம் என்பது ஆண் பெண் மட்டும் அல்ல. எங்கள் பேப்பர்களில் மிகவும் கவனமாக ஒளிக்கப்படும் சொல் சாதி. மணமகள் தேவையில் வெளிப்படையாக வரும் அதே சொல், கோயில் தேர் இழுப்பதில் பிரச்சினை, சுடலை பற்றிய பிரச்சினை என்று வரும்போது 'இரு குழுக்களுக்கிடையே முறுகல்' ஆகிவிடுகிறது. 1957 இலிருந்து சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், ஒரு தரப்பு மற்றத் தரப்பைத் தடுத்தது என்று எழுதாமல் இரண்டு குழு மோதியது என்று எழுதினால் தடுத்தவருக்குத்தான் வசதி. பெண்ணின் செய்தியில் 'தகராறு' செய்த அதே வேலையை இங்கே 'முறுகல்' செய்கிறது. சாதிப் பெயரை எழுதினால் கலவரம் பெருகும் என்ற ஆசிரியரின் பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் பெயர் எழுதாமலே யார் யாரைத் தடுத்தார் என்று எழுத முடியும்.

நிகழ்வுச் செய்திகளைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்ற வரிசையில் யார் எங்கே, படத்தில் மங்கல விளக்கு ஏற்றுவது யார், தட்டம் ஏந்தி நிற்பது யார் என்று பத்துப் படம் பாருங்கள், போதும்.

அரசியலில் 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அதனால் சபைகளில் பெண்கள் கூடினார்கள். அவர்களைப் பற்றிய செய்தி கூடியதா, அவர்கள் சபையில் என்ன கேட்டார்கள் என்று வந்ததா, அல்லது கட்சி அவர்களைப் பற்றி என்ன சொன்னது என்று வந்ததா? சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமராக வந்தபோது எதிர்த்தவர்கள் அவரை 'அழும் விதவை' என்று அழைத்தார்கள். நாட்டை ஆளவந்த ஒருவரைக்கூடக் கணவரை இழந்தவர் என்ற இடத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கம் அவ்வளவு பழையது. பெண் வேட்பாளர் பற்றிய செய்தியில் கணவர், தகப்பன், மறைந்த தலைவர் யாராவது முதல் பந்தியில் வருகிறார்களா என்று பாருங்கள்.

மொழி மாறும், மாற்றியவர்கள் இருக்கிறார்கள்

இவ்வளவும் செய்தபின் பலருக்கு ஒரு சலிப்பு வரும், இதெல்லாம் மாறுமா என்று. மாறியிருக்கிறது. போர் முடிந்த காலத்தில் 'காணாமல் போனோர்' என்றுதான் எங்கும் எழுதினார்கள். பிள்ளைகளைத் தேடி வீதியில் நின்ற தாய்மார் அதை ஏற்கவில்லை. நாங்கள் இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளை எப்படித் தானாகக் காணாமல் போகும் என்று கேட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்று பதாகையில் எழுதினார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் ஆயிரக்கணக்கான நாள்களாக அதைச் சொன்னது. இன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைத்தான் எழுதுகின்றன. செய்தவனை வசனத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய ஒரு வினைச்சொல், அதைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள்.

அதே தாய்மாரைப் பற்றிய செய்திகளை உங்கள் கொப்பி முறைப்படி பாருங்கள். அவர்கள் 'கதறினர்', 'கண்ணீர் மல்கத் தெரிவித்தனர்' என்று எத்தனை, 'வலியுறுத்தினர்', 'கோரினர்', 'நிராகரித்தனர்' என்று எத்தனை. ஐக்கிய நாடுகள் சபை வரை போய் வாதாடியவர்கள் அவர்கள். அழுகை உண்மைதான், ஆனால் கோரிக்கை என்ன என்பதை வாசித்து முடிக்கும்போது சொல்ல முடியாவிட்டால் அந்தச் செய்தி அவர்களுடைய கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டது.

கொப்பி நிறைந்த பிறகு

முதலில் எழுதியவரோடு கதையுங்கள். பிரதேசச் செய்தியாளர்களில் பலர் செய்திக்கு இவ்வளவு என்று குறைந்த கொடுப்பனவில் வேலை செய்பவர்கள், பொலிஸ் சொன்னதை அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியவர்கள், தலைப்பை வைப்பது பெரும்பாலும் அலுவலகத்தில் வேறொருவர். குற்றம் சாட்டப் போகாமல், திருப்பி எழுதிய உங்கள் பிரதியைக் காட்டுங்கள். இப்படி எழுதினால் என்ன என்று கேட்டால் பலர் கேட்பார்கள், அடுத்த செய்தியில் ஒரு சொல்லாவது மாறும்.

பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ நாலைந்து பேர் சேர்ந்தால் வேலை இன்னும் நன்றாக நடக்கும். ஒரே செய்தியை எல்லோரும் தனித்தனியாகத் திருப்பி எழுதி, பிறகு சத்தமாக வாசியுங்கள். ஆண்களும் இருக்கட்டும், வயதானவர்களும் இருக்கட்டும். அம்மாமார் வந்தால் செய்தியில் விடுபட்டது என்ன என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதும்போது ஒரு செய்தியைப் பற்றி மட்டும் எழுதுங்கள், பொதுவாகப் 'பத்திரிகைகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன' என்று எழுதினால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். திகதி, பக்கம், தலைப்பு, எந்த வசனம், அதற்குப் பதில் என்ன எழுதியிருக்கலாம், ஐந்து வரி போதும். பாதிக்கப்பட்டவரை இனங்காட்டிய செய்தி போன்ற கடுமையான விஷயம் என்றால், பத்திரிகைத் துறையினரே 2003 இல் அமைத்த இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம். பேப்பர் துண்டின் தெளிவான பிரதியை இணையுங்கள், ஆசிரியருக்கு முதலே எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையும் சேருங்கள். ஆனால் அப்படி ஒரு செய்தியைக் கண்டு கோபத்தில் அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டுத் திட்டாதீர்கள், அந்தப் பிள்ளையின் அடையாளத்தை இன்னும் ஆயிரம் பேருக்குக் கொண்டுபோவது நீங்களாகிவிடுவீர்கள். இனங்காட்டும் பகுதியை மறைத்துவிட்டு, மற்றதை மட்டும் காட்டுங்கள்.